காலை ஆறு மணிக்கு மடங்காத விரல்கள்

காலையில் எழுந்து பல் தேய்க்கப் போகிறார். பேஸ்ட் மூடி திறக்கவில்லை. மூடி ஒன்றும் இறுகியிருக்கவில்லை, விரல்கள்தான் மடங்க மாட்டேன் என்கின்றன. பல்லால் கடித்துத் திறக்கிறார். வெந்நீரில் குளித்து முடித்ததும் கொஞ்சம் தேவலாம் போலிருக்கிறது. ஆனாலும் பொத்தான்களைப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. ஒன்பது மணிக்கு மேல் கை சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிறது. பதினொரு மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுகிறார், எல்லாம் சரியாகவே இருக்கிறது. எக்ஸ்ரேயிலும் குறையில்லை. ஒரு வலி மாத்திரை, ஒரு கால்சியம் மாத்திரை, "வயசாகுதில்ல" என்ற ஆறுதல். அவருக்கு வயது 38.

வாத நோய்கள் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. நோய் தலைகாட்டும் நேரம் ஒன்று, டாக்டரைப் பார்க்கும் நேரம் இன்னொன்று. அதனால் எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை வாரமாக இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். கடிகாரத்தையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பாதிக் குழப்பம் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே தெளிந்துவிடும்.

ஒரே மூட்டையில் கட்டிய நோய்கள்

வாதம் என்ற நம் சொல் ரொம்பப் பெரிய மூட்டை. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால் பக்கவாதம். விரல் மூட்டுகள் வீங்கிக் கோணினால் முடக்குவாதம். கால் பெருவிரல் சிவந்து கொதித்தால் கீல்வாதம். முதலாவது மூளையின் ரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ வருவது. மற்ற இரண்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கீல் என்றால் மூட்டு, ஆகவே எந்த மூட்டு நோயையும் கீல்வாதம் என்று சொல்பவர்களும் உண்டு. குழப்பம் நம் மொழிக்கு மட்டும் சொந்தமில்லை. வாதத்துக்கான ஆங்கிலச் சொல் ருமாட்டிசம்; அதன் கிரேக்க வேருக்கு 'ஒழுகுவது' என்று பொருள். தலையிலிருந்து ஏதோ கெட்ட நீர் இறங்கி வந்து மூட்டுகளில் தங்குகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிரெஞ்சு மருத்துவர் கியோம் த பையூ இந்தச் சொல்லை மூட்டு நோய்களுக்கென்றே பயன்படுத்தினார். அவருடைய நூல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1642-ல் வெளிவந்தது.

அதற்கப்புறம் இந்தத் துறையின் வரலாறே மூட்டையை அவிழ்த்துப் பிரித்த வரலாறுதான். இங்கிலாந்தின் ஆல்பிரட் பேரிங் கேரட் 1848-ல் பெருவிரல் வாதக்காரர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1859-ல் முடக்குவாதத்துக்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்ற பெயரைச் சூட்டி, அது வேறு, இது வேறு என்று கோடு போட்டார். இன்று இந்த மூட்டையிலிருந்து எடுத்துப் பெயர் வைத்த நோய்கள் நூற்றைத் தாண்டிவிட்டன.

இவற்றில் மிகப் பெரிய கூட்டம் மூட்டுத் தேய்மானம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகில் 52.8 கோடிப் பேருக்கு அது இருந்தது. முடக்குவாதம் எனும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருந்தவர்கள் 1.8 கோடி, அவர்களில் 70 சதவீதத்தினர் பெண்கள். எண்ணிக்கையில் சிறியது என்றாலும், கவனிக்காமல் விட்டால் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே எலும்பைத் தின்னத் தொடங்குவது இரண்டாவதுதான். இரண்டையும் 'மூட்டுவலி' என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வரும் நஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை.

மூட்டுக்குள்ளே

இரண்டு எலும்புகள் சந்திக்கும் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் குருத்தெலும்பு தேயும்போது ஆரம்பத்தில் வலிப்பதில்லை. தேய்ந்தது எளிதில் வளர்வதும் இல்லை. மூட்டைச் சுற்றி ஒரு பை. பையின் உள்பக்கம் சைனோவியம் என்ற மெல்லிய சவ்வு, ஓரிரு செல்கள் தடிமன்தான். முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழவழப்பான திரவத்தைச் சுரப்பது அது. முழங்கால் போன்ற பெரிய மூட்டில்கூட இயல்பான நிலையில் அந்தத் திரவம் ஒரு தேக்கரண்டி அளவுக்கு வராது. குருத்தெலும்புக்குச் சாப்பாடு போடுவது இந்தத் திரவம்தான். நடக்கும்போதும் மடக்கும்போதும் அது பஞ்சிலிருந்து நீர் பிழிவதுபோல வெளியேறி மறுபடி உள்ளே போகிறது. மூட்டுவலிக்காரர்களை அசையாமல் உட்காரச் சொல்வது பெரும்பாலும் தவறான அறிவுரை என்பதற்கு ஒரு காரணம் இது.

தேய்மானம் குருத்தெலும்பில் தொடங்குகிறது. முடக்குவாதம் சவ்வில் தொடங்குகிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்ற எல்லா வித்தியாசங்களும் கிளைக்கின்றன.

முடக்குவாதத்தில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சவ்வையே எதிரியாக நினைத்துப் படையெடுக்கிறது. ஓரிரு செல் தடிமனிருந்த சவ்வு வீங்கி, தடித்து, புதிய ரத்தக் குழாய்களோடு சதைபோல வளர்கிறது. மூட்டுப் பைக்குள் எலும்பின் ஓரத்தில், குருத்தெலும்பு மூடாமல் எலும்பு வெறுமையாக இருக்கும் ஒரு சிறு இடம் உண்டு. வளர்ந்த சதை முதலில் அங்கேதான் கடிக்கும். எக்ஸ்ரேயில் எலும்பின் விளிம்பில் எலி கொறித்தது போலத் தெரிவது அந்தக் கடி. அது தெரிய மாதங்கள் ஆகும். ஆகவே நோயின் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இன்னும் கடி விழவில்லை என்பதற்குத்தான் சாட்சி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை விரலில் வைத்துப் பார்த்தால் சவ்வு வீங்கியிருப்பது அப்போதே தெரியும்.

ஏன் இந்தப் படையெடுப்பு? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, புகைக்கு நிச்சயமாகப் பங்குண்டு. புகைப்பவர்களின் நுரையீரலில் சில புரதங்கள் உருமாறுகின்றன. சிலரது உடல் அந்த உருமாறிய புரதத்தைப் பார்த்து 'இது நம்ம ஆள் இல்லை' என்று எதிர்ப்பொருள்களைத் தயாரித்துவிடுகிறது. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். நீண்ட நாள் ஈறு நோய்க்கும் இதே போன்ற தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடையே வலுவாக இருக்கிறது.

கையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மருத்துவர் கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் மூட்டையும் மெதுவாக அழுத்துவார். மெத்தென்று, ரப்பர்போல அமுங்கினால் சவ்வு வீக்கம். கல்லைப்போலக் கெட்டியாக இருந்தால் தேய்மானத்தில் வளர்ந்த எலும்பு முடிச்சு. இடமும் பேசும்: நகத்துக்குப் பக்கத்திலுள்ள கடைசி மூட்டு தேய்மானத்துக்குப் பிரியமானது, முடக்குவாதம் பெரும்பாலும் அதைத் தொடாது. அது குடியேறுவது விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளிலும், நடுமூட்டுகளிலும், மணிக்கட்டிலும். அதுவும் இரண்டு கைகளிலும் ஒன்றுபோல. கை குலுக்கும்போது 'ஆ' என்று கையை இழுத்துக்கொள்கிறார் ஒருவர் என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கடிகாரம் சொல்வது

தேய்மானக்காரருக்கும் காலையில் இறுக்கம் இருக்கும். ஆனால் நாலு எட்டு நடந்ததும், பத்து இருபது நிமிடத்தில், விட்டுவிடும். அவருடைய கஷ்டம் சாயங்காலம். நாள் முழுக்க நின்று நடந்து படியேறிய பின் முழங்கால் கெஞ்சும், படுத்தால் அடங்கும். முடக்குவாதம்போல மூட்டுக்குள் அழற்சி, அதாவது சூடும் வீக்கமும், உள்ளவருக்கு இது தலைகீழ். ஓய்வெடுத்தால் இறுகும், புழங்கினால் இளகும். காலை இறுக்கம் அரை மணியைத் தாண்டி ஒரு மணி, இரண்டு மணி என்று போகும்.

இதற்குக் காரணமும் உடலின் கடிகாரத்தில்தான் இருக்கிறது. உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அழற்சியை அடக்கும். நள்ளிரவை ஒட்டி அது அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 போன்ற பொருள்கள் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறுகின்றன. காவலாளி தூங்கும் நேரத்தில் திருடன் வேலையைக் காட்டுவதுபோல. கூடவே ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டுகளில் நீர் தேங்கியிருக்கும். ஆறு மணிக்கு மடங்காத விரல் பதினொரு மணிக்கு மடங்குவதன் கணக்கு இதுதான்.

முதுகெலும்பு வாதத்தில் இந்தக் கடிகாரம் இன்னும் துல்லியம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞர், இரவின் பின்பாதியில், மூன்று நாலு மணிவாக்கில் இடுப்பு வலியில் விழித்துக்கொள்கிறார். எழுந்து கொஞ்ச நேரம் நடந்தால்தான் மறுபடி படுக்க முடிகிறது. விடுமுறையில் ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது, உடற்பயிற்சி செய்தால் குறைகிறது. சாதாரண முதுகுப் பிடிப்பு இப்படி நடந்துகொள்ளாது. கூடவே குதிகால் வலி இருந்தால், எப்போதாவது ஒரு கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போயிருந்தால், சந்தேகம் பலப்படும். ஆனால் இளைஞருக்கு முதுகு வலி என்றால் 'டிஸ்க்' என்ற சொல் முந்திக்கொள்கிறது, ஓய்வெடு என்கிறார்கள், நோய் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு 1973-ல் தெரியவந்தது. அந்த மரபணு இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேரம் தவறாமல் வரும் இன்னொரு ஆசாமி கவுட், அதாவது முன்பு சொன்ன பெருவிரல் கீல்வாதம், யூரிக் அமில வாதம். படுக்கும்போது ஒன்றும் இருக்காது. நடு இரவில் கால் பெருவிரலின் அடி மூட்டு நெருப்பில் வைத்ததுபோல எரியும். போர்வை உரசினால்கூடத் தாங்காது. காலையில் பார்த்தால் சிவந்து பளபளவென்று வீங்கியிருக்கும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிக் அமிலத்தை உடைக்கும் நொதி உண்டு. மனிதர்களும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாமத்தில் அதை இழந்துவிட்டோம். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்து நிற்க முடியாமல் ஊசி ஊசியான படிகங்களாக மாறத் தொடங்குகிறது. பெருவிரல் உடலின் கோடியில் குளிர்ந்து கிடக்கும் இடம். குளிரில் கரைதிறன் இன்னும் குறையும். 1961-ல் மெக்கார்ட்டியும் ஹாலந்தரும் வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரைத் தனிவகை நுண்ணோக்கியில் வைத்து அந்த ஊசிகளைக் கண்ணால் பார்த்தார்கள். இன்றும் சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை அதுதான்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகக் காட்டலாம். அதை வைத்து கவுட் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, அடங்கிய பின் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று, யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதாலேயே ஒருவருக்குக் கவுட் இருக்கிறது என்று ஆகிவிடாது. முழங்கால் தேய்மானத்துக்கு யூரிக் அமில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வரும்.

மூட்டு வெறும் வாசல்

இணைப்புத் திசு நோய்கள் என்று ஒரு குடும்பம் உண்டு. லூபஸ், ஷோகிரன், ஸ்க்ளீரோடெர்மா, தசை அழற்சி எல்லாம் இதில் சேரும். தோல், தசைநார், ரத்தக் குழாய்ச் சுவர், உள்ளுறுப்புகளைத் தாங்கும் சவ்வு என எல்லாவற்றையும் பிணைத்துவைப்பது இணைப்புத் திசு. அது இல்லாத இடம் உடலில் இல்லை, எனவே இந்த நோய்கள் எட்டிப் பார்க்காத இடமும் இல்லை. மூட்டுவலி பல நேரம் முதலில் வந்து கதவைத் தட்டும். கதவைத் திறந்து பார்த்தால் பின்னால் பெரிய கூட்டமே நிற்கும்.

லூபஸ் பெண்களின் நோய் என்றே சொல்லலாம்; பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் குழந்தை பெறும் வயதினர். கன்னம் இரண்டிலும் மூக்குத் தண்டின் மேலும் பரவும் சிவப்பு, வெயில் பட்டால் கூடும். வலிக்காத வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், காரணம் தெரியாத காய்ச்சல், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவரைப் பார்த்துத் தனித்தனி மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். லூபஸில் மூட்டு வலிக்கும், ஆனால் முடக்குவாதம்போல எலும்பை அரிப்பது அரிது. பயப்பட வேண்டிய இடம் சிறுநீரகம். அங்கே நோய் சத்தமில்லாமல் வேலை செய்யும். சிறுநீரில் நுரை கூடுவது வெளியே தெரியும் ஓர் அடையாளம். லூபஸ் என்று தெரிந்தபின் ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது இதனால்தான். மலேரியாவுக்காக உருவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இன்று லூபஸ்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் சாப்பிடும் அடிப்படை மருந்து. வருடக்கணக்கில் எடுக்கும்போது விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஷோகிரன் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் காய வைக்கும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். வறண்ட பண்டத்தை விழுங்கத் தண்ணீர் தேவைப்படும். ஒரு சின்னத் தாள் பட்டையைக் கீழிமையில் செருகி ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். ஈரம் 5 மில்லிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் கண்ணீர் வற்றியிருக்கிறது. எளிமையான சோதனை. இந்தப் பெயருக்குரிய ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-ல் வெளியிட்ட ஆய்வேட்டில் நோயை விவரித்தார்.

ஸ்க்ளீரோடெர்மாவில் தோல் தடித்து இறுகும். பல வருடம் முன்பே ஓர் அறிகுறி வந்துவிடும்: குளிர்ந்த நீரில் கை வைத்ததும் விரல் நுனி காகிதம்போல வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு வந்ததும் சிவக்கும். 1862-ல் மாரிஸ் ரேனோ விவரித்ததால் ரேனோ என்று பெயர். இளம் வயதில் லேசாக வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, விரல் நுனியில் புண் விழுந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும்.

பாசிட்டிவ் என்றால் நோயா?

மூட்டுவலி என்று போனதும் 'வாதப் பேக்கேஜ்' என்ற பெயரில் பத்துப் பதினைந்து ரத்தப் பரிசோதனைகளை ஒன்றாக எடுத்துவிடுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. அதன்பின் ராத்திரி முழுக்க இணையத்தில் தேடி, விடிவதற்குள் நாலு நோயைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்வதும்.

ஏஎன்ஏ பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தச் செல்களின் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடும் சோதனை அது. லூபஸ்காரர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பாசிட்டிவ். கேட்கப் பெரிய சோதனைபோலத் தெரியும். ஆனால் 1:80 என்ற அளவில், அதாவது ரத்த நீரை 80 மடங்கு நீர்க்கவைத்துப் பார்த்தால் எந்த நோயும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேருக்கு அது பாசிட்டிவ். அறிகுறியே இல்லாத ஒருவருக்கு எடுத்து, பாசிட்டிவ் என்று தாள் வந்தால், அதற்கு அர்த்தம் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. முடக்குவாதத்துக்கு எடுக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் சோதனையும் அப்படித்தான். முதியவர்களிடமும் ஹெபடைட்டிஸ் சி தொற்று உள்ளவர்களிடமும் பாசிட்டிவாக வரும். முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நாலைந்து பேரில் ஒருவருக்கு வராது. முன்பு சொன்ன உருமாறிய புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி-சிசிபி இவற்றைவிட நம்பகமானது. அது பாசிட்டிவாக வந்து, மூட்டும் வீங்கியிருந்தால் முடக்குவாதம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அழற்சியை அளக்கும் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் உடலில் எங்கோ தீ எரிகிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும்.

கேள்வி தெளிவாக இருந்தால்தான் பரிசோதனை பதில் சொல்லும். சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கு மாதக்கணக்கில் இரண்டு கைகளும் வீங்கி, காலையில் இறுகி, பார்க்க முடக்குவாதம் மாதிரியே இருக்கும். 'முன்னால் காய்ச்சல் வந்ததா?' என்ற ஒரு கேள்வி அங்கே பத்துப் பரிசோதனைக்குச் சமம்.

வலி மாத்திரைக்கு அப்பால்

ஓவியர் ரெனுவாருக்கு ஐம்பது வயதை ஒட்டி முடக்குவாதம் தொடங்கியது. கடைசிக் காலப் புகைப்படங்களில் அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்; விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கின்றன; தோல் உராயாமல் இருக்கக் கையில் துணி சுற்றி, விரல்களுக்கிடையே தூரிகையைச் செருகி வரைகிறார். 1919-ல் இறக்கும்வரை வரைந்தார். அவர் காலத்தில் இந்த நோயின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் ஒரு விசித்திரத்தைக் கவனித்து வந்தார். முடக்குவாதக்காரர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டு வீக்கம் வடிந்துவிடுகிறது. கர்ப்பம் தரித்த பெண்களுக்கும் அப்படியே. பிரசவத்துக்குப் பின் திரும்பிவிடுகிறது. அப்படியானால் உடலே சுரக்கும் ஏதோ ஒன்று நோயை அடக்குகிறது. வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்திருந்த ஒரு பொருளை 1948 செப்டம்பரில், படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்து வெளியே போய்வந்தார். கார்ட்டிசோன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1950-ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

அதிசயம் நீடிக்கவில்லை. முகம் வீங்கியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறின. மருந்தை நிறுத்தினால் நோய் பழைய வேகத்தோடு திரும்பியது. கார்ட்டிசோன் வகை மருந்தான ஸ்டீராய்டை இன்று தீயணைப்பு வண்டிபோலத்தான் பயன்படுத்துகிறார்கள்: எரியும்போது வரவழைத்து, அணைந்ததும் படிப்படியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் உடலின் சொந்தச் சுரப்பி அதற்குள் தூங்கிப் போயிருக்கும். பெயர் ஒட்டாத பொடியோ உருண்டையோ இரண்டே நாளில் எல்லா வலியையும் துடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்றைய முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்குகிறது. அமெரிக்காவில் 1988-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. 'வாரத்துக்கு ஒரு முறை' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் போட்டுக்கொண்டு, வாய் வெந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரையே இழந்தவர்கள் உண்டு. செவ்வாய் என்றால் செவ்வாய் என ஒரு கிழமையை முடிவுசெய்து, அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுவது நல்லது. ஃபோலிக் அமில மாத்திரை கூடவே வரும். ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதற்கும் அடங்காதவர்களுக்கு உயிரியல் மருந்துகள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் அழற்சிக்கு ஆணையிடும் டிஎன்எஃப் என்ற ஒரே ஒரு புரதத்தை மறித்தால் முழுச் சங்கிலியும் தளர்ந்துவிடும் என்று கருதி, 1992-ல் நோயாளிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் டிஎன்எஃப், நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி வைத்திருக்கும் காவலாளியும்கூட. அதனால் ஊசி போடுவதற்கு முன் காசநோய்க்கான சோதனை கட்டாயம்.

எந்த மருந்து என்பதைவிட எப்போது தொடங்கினோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. அறிகுறி தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்தவர்களுக்கு நோய் முழுசாக அடங்கும் வாய்ப்பு அதிகம். வலி மாத்திரை இந்தக் காலத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்: வலி குறையும், கடி நிற்காது. மூட்டு வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் வாதநோய் நிபுணரைப் பார்ப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சிலவற்றுக்கு ஆறு வாரமும் கிடையாது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாக வீங்கி, காய்ச்சலும் அடித்தால் உள்ளே சீழ் இருக்கலாம். அன்றே ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை சீவினால் நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை அசருவது எல்லாம் சேர்ந்து வந்தால், அது கண்ணுக்குப் போகும் ரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதத்தில்கூடப் பார்வை போய்விடலாம், போனது பெரும்பாலும் திரும்பாது. குழந்தைகளில் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கம் என்றால் ருமாட்டிக் காய்ச்சல். அது மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று பழைய மருத்துவ வாசகம் ஒன்று உண்டு. அதனால் மூட்டு சரியான பின்பும் பல வருடங்களுக்கு பென்சிலின் ஊசி தொடரும்.

சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் பலருக்கு வலி போய்விடுகிறது. அங்கேதான் அடுத்த சிக்கல்: 'சரியாயிடுச்சே' என்று தாமாகவே மருந்தை விட்டுவிடுகிறார்கள், சில வாரங்களிலோ மாதங்களிலோ வீக்கம் திரும்புகிறது. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரோடு சேர்ந்து, மெதுவாகத்தான் செய்ய முடியும். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் மூட்டுகளை எண்ணி அழுத்திப் பார்ப்பார், சிஆர்பியைப் பார்ப்பார், அப்புறம் ரத்தத்தில் தெரியாத ஒன்றைக் கேட்பார்: "காலைல எழுந்தா எத்தனை நிமிஷம் இறுக்கமா இருக்கு?" கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு போனால் பதில் சரியாக இருக்கும். விரல்கள் வீங்கிய நிலையில் காலை ஆறு மணிக்கே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.